பொள்ளாச்சி முனை

ஜூலை 11, வெள்ளி

துணி எதுவும் காயவில்லை. கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சுடிதாரை விரித்துக் காயவைத்தேன். புகை நாற்றத்தோடு அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் நெட் கம்பெனியின் ரூட்டர் அறையில் என் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை. அதனால் பரவாயில்லை.

ரூட்டரின் இடது கார்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் செத்திருக்கிறது. வலது கார்டு பொறுப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. இதற்காகத்தான் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று வேலை செய்யும், மற்றொன்று அதைப் பார்த்துக்கொண்டே தயாராக நிற்கும். வால்பாறையில் இருக்கும் டவர்கள், வங்கிகள், எஸ்டேட் அலுவலகங்கள், ஆஸ்பத்திரி எல்லாம் இந்த ஒரு ரூட்டர் வழியாகத்தான் கீழே பொள்ளாச்சிக்குப் போகின்றன. எது எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்தக் கார்டு.

பொறுப்பு கைமாறியபோது மலை முழுக்கச் சில நிமிடம் இணைப்பு இல்லாமல் போயிருக்கிறது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா மட்டும் இணைப்பு திரும்பியதும் கூப்பிட்டாள்.

இந்த இணைப்பின் பொள்ளாச்சி முனையைப் பார்த்துக்கொள்பவர் சென்னியப்பன் சார். அவருக்குச் சொன்னேன்.

"பாத்தேனுங்க மேடம். இங்கேயும் அலாரம் அடிச்சுது. புதுக் கார்டுக்கு எழுதிப் போட்டுட்டேன். சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. மிளகு ரசம் வைக்கச் சொன்னேன். மூன்று வருடமாக ஒரே வேலையைப் பார்க்கிறோம். ஆளைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஸ்டெல்லா தன் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டிருந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வழியில் கால் விரலிடுக்கில் அட்டை ஏறிவிட்டது. அவள் உப்பு வைத்து எடுத்துவிட்டாள்.

"இந்திராணியக்கா, இன்னொரு கார்டும் போச்சுன்னா என்னாகும்?"

"மலையே ஊமையாயிரும். போனும் வராது."

"அப்ப ஈசிஜி?"

அதுவும் போகாது என்றேன். நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் ஸ்டெல்லா ஈசிஜி எடுத்துக் கோயம்புத்தூர் டாக்டருக்கு அனுப்புகிறாள். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இங்கே இருக்கும் இளம் டாக்டர் ஊசி போடுவார்.

"சரி, இருக்குற கார்டு ஓடுதில்ல? அன்னைக்கு ஒண்ணு போனதும் இன்னொண்ணு எடுத்துக்கிச்சுல்ல? அப்புறம் ஏன் நெட்டு போச்சு?"

நல்ல கேள்வி. அவளுக்கு விளக்கினேன். இங்கே ஒன்று, பொள்ளாச்சியில் ஒன்று என இருக்கும் இரண்டு ரூட்டரும் ஓயாமல் 'இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கார்டு மாறும்போது எங்கள் ரூட்டர் கொஞ்ச நேரம் பேசாது. பொள்ளாச்சி ரூட்டர் பதில் வராததைப் பார்த்துவிட்டு, இது செத்துப்போனது என்று முடிவு செய்து மலைக்கான வழிகளை எல்லாம் அழித்துவிட்டது. இங்கே எதுவும் சாகவில்லை. அதற்குத்தான் தெரியவில்லை.

"அதைக் கொஞ்சம் பொறுத்துப் பாக்கச் சொல்ல முடியாதா?"

"முடியும். அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு. நம்ம பக்கம் போட்டிருக்கேன். அந்தப் பக்கமும் போடணும்."

"அந்தப் பக்கம் யாரு, உங்க சென்னியப்பன் சாரா?"

என்ன 'உங்க'? கம்பெனி ஆள். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஜூலை 14, திங்கள்

புதுக் கார்டு சென்னையிலிருந்து கிளம்பிவிட்டதாம். நாளை இரவுக்குள் பொள்ளாச்சி வந்துவிடும்.

"கொரியர்ல போடலீங்க மேடம். நானே எடுத்துட்டு வர்றேன். மழைல நனைஞ்சுதுன்னா வீணாப் போயிருமுங்க."

கொரியர்காரர்களும் பிளாஸ்டிக்கில்தான் சுற்றித் தருவார்கள். சொல்லவில்லை.

"புதன்கிழமை காலைல மொத பஸ்ஸுக்கு வந்தா மத்தியானம் வேலையை முடிச்சுட்டு இறங்கிரலாங்க. பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்து வர்றதுக்குள்ள."

அவர் மனைவி தவறி நான்கைந்து வருடம் ஆகிறது. அதை அவர் ஒருமுறைதான் சொன்னார், வேறு ஏதோ பேச்சின் நடுவே. என் விஷயத்தை நானும் ஒருமுறைதான் சொன்னேன். திருப்பூரில் இரண்டு வருடம் குடும்பம் நடத்தினேன், பிறகு கோர்ட்டில் முடிந்தது, இங்கே வேலைக்கு வந்துவிட்டேன் என்று. அவர் "ம்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அடுத்து கேட்கும் கேள்வியை அவர் கேட்கவில்லை.

மாலையில் கடைவீதியில் இரண்டு டம்ளரும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கினேன். அலுவலகத்தில் ஒரே டம்ளர்தான் இருந்தது. எப்படியும் வாங்க வேண்டியதுதான். ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டேன். காயவில்லை.

ஜூலை 16, புதன்

அட்டகட்டிக்குக் கீழே மண் சரிந்துவிட்டது. மரமும் பாறையுமாகச் சாலையை மூடிவிட்டதாம். ஆழியாறு செக்போஸ்ட்டிலேயே பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பஸ்ஸில் அவர் இருந்திருக்கிறார்.

செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிட்டார். பின்னால் யாரோ டீ கேட்பது கேட்டது.

"வர முடியலீங்க மேடம்."

"பரவாயில்ல சார். ரோடு திறந்ததும் பாத்துக்கலாம். கார்டு பத்திரமா இருக்கா?"

"மடியிலதான் வச்சிருக்கேனுங்க."

ஜூலை 17, வியாழன்

சாலை திறக்கவில்லை. பிஸ்கட் நமுத்துப்போகும் என்று நானே சாப்பிட்டுவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

வலது கார்டும் ஆரம்பித்துவிட்டது. காலையில் திரையில் ஒரு வரி: நினைவகத்தில் பிழை, நானே சரிசெய்துகொண்டேன் என்று. பத்து மணிக்கு மேல் அதே வரி அடிக்கடி வந்தது. மத்தியானம் சரிசெய்ய முடியாத பிழை ஒன்று வந்துபோனது. இனி இது எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.

இது நின்றால் அடுத்து எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. சாலையும் இல்லை. அப்புறம் வால்பாறைக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்பதற்கு ரேடியோ மட்டும்தான் சாட்சி.

சென்னைத் தலைமை அலுவலகத்தையும் இணைத்துப் பேசினோம். அங்கே ராகவேந்திரன் என்ற அதிகாரி.

"மழைக்காலத்துல எந்த மாற்றமும் பண்ணக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கே. பொள்ளாச்சி ரூட்டர்ல கையை வச்சு அதுவும் போச்சுன்னா யார் பொறுப்பு?"

சென்னியப்பன் சார் சத்தமே போடாமல் பேசினார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அது எனக்குத் தெரியும், ராகவேந்திரனுக்குத் தெரியாது.

"சார், பொள்ளாச்சி ரூட்டரைப் பொறுத்திருன்னு சொல்ற ஒரு வரிதானுங்க. அதைப் போடாம மேல கார்டை மாத்துனா மலை முழுக்க நிக்கும். அந்த நேரத்துல ஆஸ்பத்திரில ஒரு உசுரு போச்சுன்னா, சர்க்குலர் இருந்துதுன்னு அவங்க வீட்டுல போய் நீங்களே சொல்லீருங்க. நான் சொல்ல மாட்டேன்."

பிறகு அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. கார்டை மாற்றும்போது இரண்டு முனையிலும் ஆள் இருக்க வேண்டும். மேலே நான், கீழே அவர். ஏதாவது தப்பானால் உடனே பழையபடி ஆக்க வேண்டும் அல்லவா. நியாயம்தான்.

ராகவேந்திரன் வைத்த பிறகும் நாங்கள் வைக்கவில்லை.

"அப்ப நான் மேல வர முடியாதுங்க மேடம்."

"முடியாதுதான் சார்."

"கார்டை மட்டும் எப்படியாவது மேல தாட்டி விட்டர்றேன்."

"சரிங்க சார்."

இரவு சமைக்கவில்லை. தலைவலி.

ஜூலை 20, ஞாயிறு

இன்று கார்டு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எழுத வேண்டும்.

சரிவைத் தாண்டி வண்டி போக முடியாது. வனத்துறை வாச்சர்கள் மட்டும் நடந்து கடக்கிறார்கள், மருந்து கொண்டுவர. அவர்களில் நாகமாணிக்கம் என்பவர், கார்டை எடுத்துவந்து தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் சரிவுக்குக் கீழ்ப்பக்கம் வந்து யாராவது அவர் கையில் கொடுக்க வேண்டும், மேல்பக்கம் யாராவது வாங்க வேண்டும். எஸ்டேட் ஜீப்பில் நான் போனேன்.

இறங்கியபோது பனி மூடியிருந்தது. இந்தப் பக்கம் சாலை அப்படியே அறுந்து, செம்மண்ணும் வேரோடு சாய்ந்த மரங்களும் கிடந்தன. அவற்றின் நடுவே ஓடைபோல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அங்கே போன் எடுக்காது.

பனி கொஞ்சம் விலகியது. எதிரே இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிலர் நின்றிருந்தார்கள். நீல மழைக்கோட்டு போட்ட ஒருவர் மார்போடு ஒரு பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய பெட்டி. வேறு யாராக இருக்க முடியும்?

நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. நான் எதையும் நினைத்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் குறைவு.

நாகமாணிக்கம் பெட்டியைத் தலையில் துணிவைத்துக் கட்டிக்கொண்டு மரங்களைப் பிடித்துப் பிடித்து வந்தார். ஒரு இடத்தில் கால் முழங்கால்வரை புதைந்தது. ஜீப் டிரைவர், "பாத்துண்ணே, பாத்து" என்று கத்தினார். நான் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டும் இருந்தேன், இடையிடையே.

பெட்டி கைக்கு வந்தது. உயர்த்திக் காட்டினேன். எதிர்ப்பக்கம் அவர் கையை உயர்த்தினார். பிறகு வாயருகே இரண்டு கையையும் குவித்து ஏதோ சொன்னார். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன். மறுபடி சொன்னார். கேட்கவில்லை. என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. நான் தலையிலிருந்து மழைக்கோட்டின் தொப்பியைத் தள்ளிவிட்டேன். மழை நன்றாகவே பெய்துகொண்டிருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று டிரைவர் கேட்டார். வியர்க்கிறது என்றேன்.

மறுபடியும் பனி இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். டிரைவர் ஹாரன் அடித்தார்.

நாளை மத்தியானம் மாற்றுகிறோம். ராகவேந்திரன் நடுராத்திரியில் செய்யச் சொன்னார். அதுவரை வலது கார்டு தாங்காது என்று எழுதி அனுப்பிவிட்டேன். தலை ஈரம் இன்னும் காயவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலையிலேயே செத்த கார்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகினேன். பச்சை விளக்கு வர நேரமாயிற்று. வலது கார்டிடம் இருப்பதையெல்லாம் அது படித்துக்கொள்ள வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைகள் திரையில் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

எல்லாம் படித்து முடித்துத் தயார் என்று காட்டிய நேரத்தில் ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"அக்கா, டீ ஃபேக்டரி டிரைவர் ஒருத்தரு. பயங்கர நெஞ்சு வலி. கோயம்புத்தூர் டாக்டர் லைன்ல இருக்காரு, ஊசி போடச் சொல்லிட்டாரு. இப்பத்தான் ஏத்துறோம். நெட்டை நிறுத்திராதீங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஊசி உடனே போயிரும். ஆனா அப்புறம் ஒரு மணி நேரமாவது டாக்டர் ஈசிஜியைப் பாத்துட்டே இருக்கணுமாம். இதயத் துடிப்பு தாறுமாறாச்சுன்னா என்ன பண்ணணும்னு அவருதான் சொல்லணும். எங்க டாக்டரு சின்னவரு."

சென்னியப்பன் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காத்திருந்தா?" என்றார்.

"வலது கார்டு பாதியில செத்துதுன்னா, நடுவுல மாறுறது ஒழுங்கா மாறுமான்னு தெரியாது சார். இப்ப நாமளா மாத்துனா ஒழுங்கா மாறும். நீங்க போட்ட செட்டிங் வேலை செஞ்சா."

"அது வேலை செய்யுமுங்க."

"இதுவரைக்கும் சோதிச்சுப் பாத்ததில்லையே சார்."

"இல்லீங்க. ஆனா நானே மூணு தடவை படிச்சுப் பாத்துட்டேன். முடிவு உங்களுதுங்க மேடம். நீங்க என்ன சொன்னாலும் நானும் சேந்து சொன்னதா எழுதிக்குங்க."

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, ஊசி ஏறி முடிந்ததும் சொல்லச் சொன்னேன். அந்த ஆளின் மனைவி பின்னால் அழுவது கேட்டது. அழுகை அல்ல, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பெயராக இருக்கும்.

ஊசி முடிந்தது. மாற்ற முடிவு செய்தேன்.

"சார், போனை வைக்காதீங்க. நம்ம போனும் இதே வழியிலதான் வருது. நீங்க பேசிட்டே இருங்க. உங்க குரல் நின்னா வழி அறுந்துருச்சுன்னு எனக்கு உடனே தெரிஞ்சுரும்."

"என்னத்தைப் பேசறதுங்க?"

"எதையாவது."

அவர் தொண்டையைச் செருமினார். நான் கட்டளையைத் தட்டினேன். இன்னும் விசையை அழுத்தவில்லை.

"நேத்து அங்க நின்னு கத்துனேன், உங்களுக்குக் கேக்கலைன்னு நினைக்கிறேன்," என்றார். "எனக்கு ஓசூருக்கு மாத்தல் ஆயிருச்சுங்க. அதைத்தான் சொன்னேன். போன்ல சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துது, நேர்ல சொல்லிரலாம்னு பாத்தேன்."

விசையை அழுத்தினேன்.

"அக்கா அங்க இருக்குதுங்க. பாப்பாவை அதுதான் பாத்துக்கறேன்னு சொல்லுது. இங்க சாயங்காலமானா பாப்பா ஆபீஸ்லயே உக்காந்திருக்கோணும். நான் ஷிப்ட்டுல இருந்தா ராத்திரி சாப்பாடு கடையிலதான். போன வருசம் எழுதிப் போட்டது, இப்பத்தான் வந்துருக்குது. அடுத்த மாசம் மொத வாரம் போய்ச் சேரோணும். பள்ளிக்கூடத்துல எடம் கெடச்சிருச்சு. வீடு அக்கா வீட்டு மாடியிலயே. நல்லதுதானுங்க எல்லாத்துக்கும். என்னமோ..."

திரையில் வலது கார்டு வேலையை விட்டுவிட்டதாகக் காட்டியது. இடது எடுத்துக்கொண்டது. பொள்ளாச்சியின் பெயருக்கு நேராக, 'காத்திருக்கிறது' என்ற பொருளில் ஒரு சொல் வந்தது. அது அப்படியே இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. அவர் குரலும் நிற்கவில்லை. ஓர் இடத்தில்கூடக் கரகரக்கவில்லை.

"...என்னமோ, போகோணும்னு நெனச்சா ஒண்ணும் ஓடலீங்க. மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மாறிருச்சுங்களா?"

"மாறிருச்சு சார். ஒரு டேட்டா பாக்கெட் கூட விழல."

அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் ஸ்டெல்லாவிடம் பேசினேன். அவள், "இன்னும் மாத்தலையாக்கா?" என்றாள். மாலையில் அவளே கூப்பிட்டாள். அந்த டிரைவர் தண்ணீர் கேட்டுக் குடித்தாராம். பெயர் அந்தோணிசாமியாம்.

நல்ல நாள் என்றுதான் எழுத வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு மெயில். ராகவேந்திரன் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 25, வெள்ளி

புதுக் கார்டு அமைதியாக ஓடுகிறது. வலது கார்டைக் கழற்றிவிட்டு, அதற்கும் ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன். திரையில் பார்க்க ஒன்றுமில்லை. பொள்ளாச்சியைக் கூப்பிடவும் காரணம் இல்லை. மத்தியானம் கூப்பிட்டு, அந்தப் பக்கத்து ரூட்டரில் வெப்பநிலை எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். சொன்னார். குறித்துக்கொண்டேன்.

ஓசூர் நல்ல ஊர்தான். குளிர் அதிகம் இல்லை, வெயிலும் அதிகம் இல்லை. குழந்தைக்கு நல்லது.

ஜூலை 29, செவ்வாய்

சாலை திறந்துவிட்டது. பழுதான இரண்டு கார்டுகளையும் பொள்ளாச்சிக்கு அனுப்ப வேண்டும். கொரியர்காரன் வந்து கேட்டான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் கண்டபடி தூக்கிப் போடுவார்கள். செத்த கார்டாக இருந்தாலும் கவனமாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 30, புதன்

மத்தியான பஸ். வெளுத்துப்போன நீலச் சேலையைத்தான் எடுத்தேன், பிறகு மாற்றிக்கொண்டேன். சரிவு நடந்த இடத்தில் பஸ் ஊர்ந்து போனது. எந்த இடத்தில் அவர் நின்றார் என்று அடையாளம் தெரியவில்லை.

பொள்ளாச்சி அலுவலகம் மாடியில் இருக்கிறது. அவர் உள் அறையில் ஏதோ கேபிள் வேலையாக இருந்தார். வெளியே நாற்காலியில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பத்து வயது இருக்கும்.

"சென்னியப்பன் சார் இருக்காரா கண்ணு?"

பென்சிலை வைத்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தது.

"நீங்க வால்பாறை ஆன்ட்டிதானே?"

"எப்படித் தெரியும்?"

"பேசுறத வச்சுத்தான். அப்பா உங்ககிட்டப் பேசுனா ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் சமைப்பாங்க. நீங்க ரசத்துக்கு மிளகு போடச் சொன்னீங்கல்ல? ரொம்பப் போட்டுட்டாங்க. எனக்குக் காரம்."

அதற்குள் அவர் வந்து கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. காது சிவந்திருந்தது.

"வாங்க," என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

கார்டுகளை மேசைமேல் வைத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். டீ வந்தது. குழந்தையின் பெயர் மகிழ்மதி. அவள் இருந்ததால் பேச்சு ஓடியது. அவள் பக்கத்துக் கடைக்கு ரப்பர் வாங்கப் போனதும் நின்றுவிட்டது. இத்தனை வருடம் பேசிய இரண்டு பேர், எதிரெதிரே உட்கார்ந்து டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பக் கிளம்பறீங்க?"

"சனிக்கிழமைங்க. திங்கக்கிழமை ஜாயின் பண்ணோணும்."

நான் கேட்கப் போவதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"போகாம இருக்க முடியாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி போடுவார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"அதை யாரும் எங்கிட்டக் கேக்கலீங்க. ஒருத்தராவது கேப்பாங்களான்னு பாத்துட்டு இருந்தேன்." பிறகு வாசலைப் பார்த்தார். "பாப்பாவுக்கு எடம் வாங்கியாச்சு. அக்கா எல்லாம் ஏற்பாடு பண்ணிருச்சு. இப்பப் போய்த்தான் ஆகோணும் இந்திராணி."

என் பெயரை அவர் சொல்லி இதுவரை கேட்டதில்லை.

மகிழ்மதி ரப்பரோடு வந்துவிட்டாள். ஆறு மணி பஸ்ஸுக்கு இருவரும் வந்து ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் வழியாக அவள் ஒரு மிட்டாய் கொடுத்தாள். அவர் பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் அதட்டிய பிறகுதான் கையை எடுத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் பொள்ளாச்சியைக் கூப்பிட்டேன். புதுப் பையன். "குட் மார்னிங்க்கா" என்றான். நல்ல பையன்தான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றான். ஆமாம் என்றேன். பேச்சு முடிந்துவிட்டது.

மாலையில் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. ஓசூரிலிருந்து. அலுவலகத்துக்கு இல்லை, எனக்கு.

"நான்தாங்க."

"சொல்லுங்க. சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டேன். பாப்பா மாடியில இருக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "சும்மாதான் கூப்பிட்டேனுங்க."

கேட்க ஒரு அலாரம் இல்லை, கார்டு இல்லை, வெப்பநிலை இல்லை. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அங்கே ஏதோ வண்டி போகும் சத்தம். இங்கே தகரத்தில் மழை. அதை அவரும் கேட்டிருப்பார். வெகு நேரம் இருவரும் ஒன்றும் பேசாமல் இருந்தோம். யாரும் போனை வைக்கவில்லை.